திங்கள்கிழமை கேட்க வேண்டியது

சாப்பாட்டு நேரம் ஒன்றே கால். சரியாக ஒன்று பத்துக்கு மாவு அக்கா கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். ஐந்து நிமிடம், கூடவும் கூடாது, குறையவும் குறையாது. மெருகுக்காரருக்கு இது தினப்படி வேடிக்கை. "அக்கா வயித்துக்குள்ள கடிகாரம் ஓடுதுப்பா, சாவி குடுக்கக்கூட வேணாம்" என்பார். மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழும்பும். உண்மையில் அவள் வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை. உள்ளே நின்றபடியே, மேலங்கிப் பையிலிருந்து கையகல நோட்டு ஒன்றை எடுத்துப் படித்துக்கொண்டிருப்பாள். பரீட்சை அறைக்கு வெளியே பிள்ளைகள் கடைசி நிமிடத்தில் பக்கம் புரட்டுமே, அதே கதி.

அது பல்செட்டு செய்யும் லேப். கீழே மருந்துக் கடை, மேலே இவர்கள் ஐந்து பேர். வண்டிக்காரர் பல் டாக்டர்களிடம் போய், நோயாளியின் வாய்க்குள் வைத்து எடுத்த அச்சுகளை வாங்கி வருவார். மாவு அக்கா அந்த அச்சில் பிளாஸ்டர் மாவு கரைத்து ஊற்றி, வெள்ளை வெளேரென்று ஒரு தாடையை எடுத்துக் கொடுப்பாள். அதன்மேல் மெழுகுக்காரி மெழுகில் பல் வரிசையைக் கட்டுவாள். மெழுகை உருக்கி எடுத்து, அந்த இடத்தில் பிளாஸ்டிக் நிரப்பி வேகவைத்ததும் கெட்டியாகி வருவதை மெருகுக்காரர் தேய்த்துப் பளபளப்பாக்குவார். மேற்பார்வையும் அதட்டலும் முதலாளி. ஊரில் யார் யாரோ சிரிக்கிற சிரிப்பெல்லாம் அவள் மாவிலிருந்து கிளம்பியதுதான். ஆனால் அந்த வாய்களில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. அச்சோடு வருவது ஒரு சீட்டு, அதில் ஒரு எண். அது அவளுக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது.

வேலையில் அவளைக் குறை சொல்ல யாராலும் முடியாது. மாவைக் கரைக்கும்போது காற்றுக் குமிழி உள்ளே மாட்டிக்கொண்டால் போச்சு, பல்செட்டு ஈறில் உட்காராது. பதினான்கு வருடத்தில் அவள் ஊற்றிய தாடையில் குமிழி என்று ஒன்று திரும்பி வந்ததில்லை. மாவு இறுகும்போது சற்று நேரம் சுடும். அந்தச் சூட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பது அவளுக்குப் பிடிக்கும். யாராவது பார்த்தால் சட்டென்று கையை எடுத்துவிடுவாள்.

மனிதர்களிடம்தான் அவளுக்கு வராது. சின்ன வயதில் ஆரம்பித்த சனியன் அது. பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் விளையாடும்போது, "இதுக்கு என்ன ரூல்?" என்று கேட்டாள். "பாத்துக்கிட்டே இரு, தானா புரியும்" என்றார்கள். மூன்று வருடம் பார்த்தாள். அதற்குள் அவர்கள் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். மற்ற எல்லார் காதிலும் பிறக்கும்போதே யாரோ வந்து ஓதிவிட்டுப் போன ஏதோ ஒன்று, இவள் காதில் மட்டும் ஓதப்படாமல் விட்டுப்போயிற்று. "இவ ஒரு தினுசு" என்று சொல்லி அம்மா கையைக் கழுவிவிட்டாள். கல்யாணமும் நடந்தது, எட்டு மாதம். "உன்கூட இருக்கிறது பீரோகூட இருக்கிற மாதிரி இருக்கு" என்றான் கட்டியவன். அவள் அதைத் திட்டு என்று எடுத்துக்கொள்ளவில்லை. பீரோவில் என்ன குறை என்று உண்மையாகவே யோசித்தாள். அதற்கப்புறம் தம்பி வீட்டு மாடியறை. தம்பி மனைவி நல்லவள்தான். ஆனால் இவள் படியிறங்கினால் கீழே பேச்சு நின்றுபோகும், ஏறினால் மறுபடி கிளம்பும்.

லேபிலும் அப்படியே பன்னிரண்டு வருடம். மாவு அறைத் தொட்டியோரம் நின்றே சாப்பாட்டை முடித்துக்கொள்வாள். பக்கத்து அறையிலிருந்து நாலு பேர் சிரிப்பது கேட்கும். பழகிவிட்டது என்று சொல்வார்கள் இல்லையா, சுத்தப் பொய். பன்னிரண்டு வருடமும் ஒவ்வொரு நாளும் அது அவளுக்கு வலித்தது. வலிக்காத மாதிரி நிற்கத்தான் பழகியிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மெழுகுக்காரி வேலைக்குச் சேர்ந்தாள். முப்பது வயதிருக்கும், வாய் ஓயாத பெண். சேர்ந்த மூன்றாம் நாள் மாவு அறைக்குள் எட்டிப் பார்த்து, "என்னக்கா, சுவத்தப் பாத்துக்கிட்டு சாப்பிடுறீங்க? சுவர் என்ன கூட்டா பொரியலா? வாங்க இந்தப் பக்கம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான் நடந்தது. மாவு அக்காவுக்கோ தலைகால் புரியவில்லை. அன்று மேசையில் தான் என்ன சாப்பிட்டோம் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. இந்த நாற்காலி கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்ற பயம் அன்று பிடித்ததுதான். வீட்டுக்குப் போகும் வழியில் நோட்டு வாங்கினாள்.

ஆளுக்குச் சில பக்கங்கள். முதல் வரியில் போன் நம்பர், அதன் கீழே மற்றவை. மெருகுக்காரர் பக்கத்தில்: "ஜோக் சொல்வார். வண்டிக்காரர் சிரித்த பிறகு சிரிக்கவும். முந்திக்கொள்ளக் கூடாது." வண்டிக்காரர் பக்கத்தில்: "முதுகுவலி. வெள்ளிக்கிழமை கேட்கவும். மருந்து சொல்லக் கூடாது, கேட்டால் போதும்." முதலாளி பக்கத்தில் ஒரே வரி, அடியில் இரண்டு கோடு: "ஏன் என்று கேட்கக் கூடாது." ஒருதரம் கேட்டு, "எனக்கே கேள்வியா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டதற்குப் பிறகு எழுதியது. பொதுப் பக்கம் ஒன்றும் உண்டு. "யாராவது லீவு போட்டால் காரணம் விசாரிக்கக் கூடாது. வம்பு என்பார்கள்." அதுவும் சூடுபட்டு எழுதியதுதான்.

மெழுகுக்காரிக்கு மட்டும் பதினோரு பக்கம். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. திங்கள்கிழமை கேட்கவும். கேட்கும்போது முகத்தில் சிரிப்பு இருக்கட்டும், இல்லாவிட்டால் பயந்துவிடுகிறாள்." ஒன்றரை வருடம் ஒரு திங்கள் தப்பியதில்லை. "உங்க அப்பா எப்படிம்மா இருக்காரு?" என்று இவள் கேட்பாள். "நல்லாயிருக்காருக்கா" என்று அவள் முகம் மலரச் சொல்வாள். அன்று இரண்டு பேருக்கும் பொழுது நன்றாகப் போகும்.

போன வியாழக்கிழமை நடந்ததைக் கேளுங்கள். காலை பத்து மணிக்கு மாவு அக்கா உள்ளே அச்சை அதிர்வு மேசையில் வைத்துக் குமிழி போக்கிக்கொண்டிருந்தாள். அந்த மெஷின் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. முதலாளி கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, அவள் மெஷினை நிறுத்தியதும், "நாங்க கிளம்புறோம். இன்னிக்கு லேப் லீவு. கையில இருக்கிறத முடிச்சிட்டுப் பூட்டிட்டுப் போங்க" என்றார். அவள் தலையாட்டினாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது, இரண்டு கோடு.

வெள்ளி, சனி இரண்டு நாளும் மெழுகுக்காரி வரவில்லை. விசாரிக்கக் கூடாது. மேசையில் பேச்சு குறைவாக இருந்தது. வண்டிக்காரர் மாவு அக்கா பக்கமே திரும்பவில்லை. முதுகுவலி அதிகமோ என்று நினைத்து வழக்கம்போல் கேட்டாள். "எங்க வலிய விடுங்க" என்று அவர் எழுந்து போய்விட்டார். அன்றிரவு நோட்டில் எழுதினாள்: "வெள்ளி. ஏதோ தப்பு. என்னவென்று தெரியவில்லை."

திங்கள்கிழமை மெழுகுக்காரி வந்தாள். மாவு அக்காவுக்கு உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. ஒன்று பத்துக்குக் கழிவறை, நோட்டு. ஒன்றே காலுக்கு மேசை. நோட்டை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, சிரிப்பை முகத்தில் கொண்டுவந்து, எல்லாரும் கேட்கவே கேட்டாள்.

"உங்க அப்பா எப்படிம்மா இருக்காரு?"

மெழுகுக்காரியின் கையிலிருந்த மூடி கீழே விழுந்து உருண்டது. அவள் இவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே ஓடினாள். படியில் அவள் அழுதுகொண்டே இறங்குவது கேட்டது.

"நீங்க மனுஷிதானா?" மெருகுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். ஜோக் சொல்கிற அந்த முகத்தில் அவ்வளவு கோபத்தை அவள் பார்த்ததேயில்லை. "அவங்க அப்பா போய்ச் சேர்ந்து நாலு நாளாச்சு! சாவு வீட்டுக்குத்தான் வரல, விடுங்க, உங்க குணம் அதுன்னு விட்டோம். இப்ப வந்து பல்ல இளிச்சிக்கிட்டுக் கேக்குறீங்களே!"

"எனக்குத் தெரியாது" என்றாள்.

"தெரியாதா? லேபுக்கே லீவு விட்டுட்டுப் போனோம், தெரியாதுங்கறீங்க!"

அவள் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி தன் டப்பாவுக்குள் எதையோ வெகு மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். மனிதருக்குப் பொறி தட்டிவிட்டது. தான் சொல்லவில்லை, வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்டோம் என்பது அந்த நொடியில் அவருக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவர் டப்பாவிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை. சிலர் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள், ஆனால் அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவர்கள் வாயிலிருந்து வராது.

அவள் மாவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று கரைத்த மாவு கிண்ணத்திலேயே இறுகிப் பாறையாகிவிட்டது, பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக. அந்த அப்பா செத்துப்போனார் என்பதைவிட, அந்தப் பெண் தன்னைப் பார்த்த பார்வைதான் அவளை அறுத்தது. பள்ளிக்கூடத்திலும் பார்த்திருக்கிறாள், கட்டியவன் முகத்திலும் பார்த்திருக்கிறாள். நீ எங்களில் சேர்த்தி இல்லை என்கிற பார்வை. மெழுகுக்காரியின் கண்ணில் மட்டும் அது வராமலிருக்கத்தான் அவள் இத்தனை பாடுபட்டது.

எங்கே தப்பு செய்தோம் என்று பார்க்கப் பைக்குள் கையை விட்டாள். நோட்டு இல்லை. மேசையிலேயே விட்டிருக்கிறாள். போய்ப் பார்த்தபோது மேசை காலி. அவளுக்கு வயிற்றைக் கலக்கியது. இந்தத் தடவை நிஜமாகவே.

செவ்வாய்க்கிழமை அவள் மேசைக்குப் போகவில்லை. போனாலும் இடமில்லை. அவள் நாற்காலியைச் சுவரோரம் தள்ளி, அதன்மேல் மாவு மூட்டையை ஏற்றி வைத்திருந்தார்கள். தொட்டியோரம் பழைய இடத்தில் நின்று டப்பாவைத் திறந்தாள். அப்போது பக்கத்து அறையிலிருந்து மெருகுக்காரரின் குரல் உரக்க வந்தது. அவர் படித்துக்கொண்டிருந்தார்.

"'முதுகுவலி. வெள்ளிக்கிழமை கேட்கவும். மருந்து சொல்லக் கூடாது.' யோவ் வண்டி, உன் முதுகு வண்டவாளமெல்லாம் நோட்டுல ஏறியிருக்கு பாரு!"

வண்டிக்காரர் சிரித்தார். சிரித்துவிட்டு, "அப்ப வாராவாரம் கேட்டதெல்லாம் எழுதி வச்சதப் பாத்துத்தானா?" என்றார். குரல் சுருங்கிப்போயிருந்தது.

மாவு அக்கா வந்து வாசலில் நின்றாள். கையிலெல்லாம் வெள்ளை. மெழுகுக்காரியும் மேசையில் இருந்தாள், முகம் வீங்கி. மெருகுக்காரர் இவளைப் பார்த்தும் நிறுத்தவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அது அவருடைய பக்கம்.

"'ஜோக் சொல்வார். வண்டிக்காரர் சிரித்த பிறகு...'" அவர் குரல் பாதியில் நின்றது. மீதியை மனசுக்குள் படித்தார். நிமிர்ந்தபோது மனிதருக்கு முகம் செத்துப்போயிருந்தது. "அப்ப இத்தன நாளா என் ஜோக்குக்குச் சிரிச்சதெல்லாம்?"

பொய் சொல்ல அவளுக்கு வராது. வந்திருந்தால் நோட்டே தேவைப்பட்டிருக்காதே. "எனக்கு ஜோக் புரியாதுண்ணா" என்றாள். "ஆனா நீங்க சொல்றப்ப நல்லாயிருக்கும். எல்லாரும் ஒரே நேரத்துல சிரிப்பீங்க. அதுக்குள்ள நானும் இருப்பேன்."

மெருகுக்காரர் நோட்டை மேசையில் போட்டார். "எங்கள என்ன, பூச்சி புழுன்னு நெனச்சீங்களா, குறிப்பெடுத்து வைக்க?" என்றார். கேள்வி சூடாகத்தான் கிளம்பியது, வரவர ஆறிவிட்டது. மெழுகுக்காரி கையை நீட்டி நோட்டை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

நாலு மணிக்கு அவள் மாவு அறைக்கு வந்தாள். மாவு அக்கா அப்போதுதான் ஒரு தாடையை ஊற்றி வைத்திருந்தாள். திரும்பிப் பார்க்கப் பயந்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பதினோரு பக்கம் எழுதியிருக்கீங்க" என்றாள் மெழுகுக்காரி. "எனக்கு எந்தப் பக்கம் தலைவலி வரும்னு எழுதியிருக்கீங்க. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது அது."

"தப்பும்மா. கிழிச்சிப் போட்டுடறேன்."

"நான் சொல்றத முடிச்சிக்கிறேன்க்கா." அவள் குரல் உடைந்து, மறுபடி சரியாயிற்று. "நேத்து உங்க மேல வந்த ஆத்திரத்துல ராத்திரி பூரா தூங்கல. இங்க எல்லாருக்கும் நானேதான் போன் போட்டேன், ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுக்கிட்டு. இந்தக்கா மட்டும் ஏன் வரலன்னு அப்பாவ எடுக்குற வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே இருந்தேன். இன்னிக்கு நோட்டப் பாத்தேன். முதல் வரியில என் நம்பர் இருக்கு. உடனே என் போன எடுத்துப் பாத்தேன். உங்க நம்பர் என்கிட்ட இல்லக்கா. ரெண்டு வருஷம் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருக்கோம். நான் வாங்கவே இல்ல."

பரவாயில்லை என்று மாவு அக்கா சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கு அது பரவாயில்லை என்று விடக்கூடியதாக இல்லை.

"சொல்லுங்க, போட்டுக்கறேன்" என்று மெழுகுக்காரி போனை எடுத்தாள்.

"எனக்கு மனப்பாடம் இல்லம்மா. யாரும் கேட்டதில்ல." கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தாள். மெழுகுக்காரியின் நம்பர் அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். ஒருதரம்கூட அழைத்ததில்லை. இப்போது அழுத்தினாள். இரண்டு கை தூரத்தில் நின்றவளின் போன் அடித்தது. அடித்துக்கொண்டேயிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நாளைக்கு மேசைக்கு வரலாமா?" என்று கேட்டாள் மாவு அக்கா. இதற்காகத்தான் நேற்றிலிருந்து அவள் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது.

மெழுகுக்காரி மழுப்பவில்லை. "தெரியலக்கா. மெருகு அண்ணனுக்கு மனசு விட்டுப்போச்சு. எனக்கும் அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. தெரியாமத்தான் கேட்டீங்கன்னு புத்திக்குத் தெரியுது, மனசுக்குத் தெரிய மாட்டேங்குது."

"சரி" என்றாள். இப்படி யாரும் அவளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னதில்லை. வலித்தாலும் இது அவளுக்குப் புரிந்தது.

மெழுகுக்காரி நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். போகத் திரும்பினவள் கதவருகில் நின்றாள். பக்கங்கள் அத்தனையிலும் மற்றவர்களே இருந்தார்கள், இவளைப் பற்றி ஒரு வரி இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"உங்க அப்பா எப்படிக்கா இருக்காரு?"

இந்தக் கேள்வி மாவு அக்காவிடம் வந்ததேயில்லை. ஆனாலும் இதற்கு என்ன பதில் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒன்றரை வருடம் திங்கள்தோறும் கேட்டுக் குறித்துவைத்த பதில்.

"நல்லாயிருக்காரும்மா" என்றாள், முகத்தில் சிரிப்போடு.

சொல்லி முடித்த பிறகுதான் சுரீரென்றது. "இல்ல, இல்லம்மா. அவரு செத்துப்போயிட்டாரு. இருபத்தாறு வருஷமாச்சு. கேட்டா இப்படித்தான் சொல்லணும்னு நெனச்சிட்டேன்."

மெழுகுக்காரி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, உள்ளேயிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. மாவு அக்கா அவளையே பார்த்தாள். முதலில் சிரித்துக் காட்ட வண்டிக்காரர் பக்கத்தில் இல்லை. கையில் நோட்டு இருந்தது, ஆனால் இதற்கு அதில் பக்கம் கிடையாது. அவள் ஆயுசு பூராவும் மனசுக்குள் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்ததை வாய்விட்டுக் கேட்டாள்.

"நீ சிரிக்கிறியா, அழுவுறியாம்மா? எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியலக்கா" என்றாள் மெழுகுக்காரி. கண்ணைத் துடைத்துக்கொண்டே நாற்காலியைத் தேடினாள். அந்த அறையில் நாற்காலி கிடையாது. தொட்டியோரத்தில் அக்காவுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.